குழந்தை அம்மாபேட்டையில், அப்பா ஏற்காட்டில்: முதல் சில வாரங்களுக்கான வழிகாட்டி

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது சேலம் வட்டாரத்தில் இன்றும் பெரிதாக மாறாத வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு பிறந்த வீட்டுக்குப் போகும் மனைவி, குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புவாள். இடைப்பட்ட காலத்தில் குழந்தையின் தகப்பன், வாரத்துக்கு ஒருமுறை பழப்பையோடு வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையைப் பத்து நிமிடம் மடியில் வைத்திருந்துவிட்டு, சாப்பிட்டுக் கிளம்பும் விருந்தாளியாகிவிடுகிறார். புதிய பெற்றோருக்கான ஆலோசனைகள் பெரும்பாலும் கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் தனியாக இருப்பதாக வைத்துக்கொண்டு சொல்லப்படுகின்றன. நம் ஊர்த் தகப்பனுக்கு அந்த ஆலோசனைகள் பயன்பட வேண்டுமானால், முதலில் குழந்தை இருக்கும் அறைக்குள் அவருக்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும்.

எனக்கு வேலை ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்தின் கணக்கு அலுவலகத்தில். மனைவியின் வீடு சேலம் அம்மாபேட்டையில் உள்ள ஒரு விசைத்தறி வீடு. மகள் பிறந்தது மார்கழியில், தோட்டத்தில் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரத்தில். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் இரவு, மாமியார் எனக்கு மாடியில் பாய் விரித்து, “மாப்பிள்ளை, நீங்க மேல போய்ப் படுங்க, கொழந்தை அழுதா உங்களுக்குத் தூக்கம் கெட்டுடும்” என்றார். நானும் போய்ப் படுத்து, காலை ஆறரை மணிவரை நன்றாகத் தூங்கினேன். கீழே இறங்கி வந்தபோது, அந்த இரவில் மனைவி ஐந்து முறையும் அத்தை நான்கு முறையும் எழுந்திருந்தார்கள் என்பது தெரிந்தது. இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் காப்பியைக் குடித்தேன். கீழே எழுதியிருப்பவை அந்தக் காலைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை.

விடுப்பை எப்படிப் பிரிப்பது

மத்திய அரசு ஊழியர்களுக்கு, முதல் இரண்டு குழந்தைகள் வரை, 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதத்துக்குள் அதை எடுத்துக்கொள்ளலாம். சூரமங்கலம் பக்கம் ரயில்வேயில் இருப்பவர்கள் பலருக்கு இது தெரியும். தனியார் நிறுவனங்கள் தந்தைக்கு விடுப்புத் தர வேண்டும் என்று நாட்டில் சட்டம் இல்லை. தறிக்கூடத்திலும் வெள்ளிப்பட்டறையிலும் வாரக்கூலிக்கு வேலை செய்பவருக்கு விடுப்பு என்றால் கூலி இல்லை என்றே பொருள். ஆகவே ஏழாம் மாதத்திலேயே முதலாளியிடம் பேசிவிடுவதும், இரண்டு வாரக் கூலியைத் தனியே எடுத்து வைப்பதும் நல்லது.

கிடைக்கும் நாட்களை மருத்துவமனையிலேயே தீர்த்துவிடாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. மருத்துவமனையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குள் பெரும்பாலும் பெண் துணையைத்தான் அனுமதிப்பார்கள். நீங்கள் வெளியே மரத்தடியில் நின்று மருந்துச்சீட்டுக்குக் காத்திருப்பீர்கள். பெரியம்மாக்களும் சித்திகளும் பார்த்துவிட்டுக் கலைந்துபோன பிறகு, ஏறத்தாழ ஐந்தாம் நாளிலிருந்து இரண்டாம் வார இறுதி வரையிலான காலத்தில்தான் வீட்டில் கைகள் குறைகின்றன, அசதி கூடுகிறது. எனக்குக் கிடைத்த ஏழு நாள் விடுப்பில் நான் இரண்டை மருத்துவமனைக்கும் ஐந்தை வீட்டுக்கும் வைத்துக்கொண்டேன். மறுபடியும் வாய்த்தால் மருத்துவமனைக்கு ஒன்று போதும் என்பேன். அறுவைச் சிகிச்சைப் பிரசவம் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்; மனைவிக்கு எழுந்து உட்காரவே ஆள் துணை வேண்டியிருக்கும்.

நாற்காலியிலிருந்து இறங்குவது

மாமியார் வீட்டில் மருமகனுக்குக் கிடைக்கும் மரியாதைதான் தகப்பனுக்கு முதல் தடை. “நீங்க எதுக்கு மாப்பிள்ளை இதையெல்லாம்” என்ற அன்பான சொல்லுக்கு எதிராக வாதம் செய்து பயனில்லை. அது அவர்களைக் குறை சொல்வதாகவும் படும். அதைவிட, வேறு யாரும் போட்டிக்கு வராத வேலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சத்தமில்லாமல் அதை நம்முடையதாக்கிக்கொள்வது எளிது. அப்படிப்பட்ட வேலைகள் வீட்டில் நிறைய இருக்கின்றன: இரவின் முதல் பாதி, ஈரத்துணி அலசுவது, பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, மருந்து நேரம், வந்தவர்களை வழியனுப்புவது.

நான் கேட்டது இப்படித்தான்: “அத்தை, ராத்திரி பத்துல இருந்து ரெண்டு மணி வரைக்கும் நான் பாத்துக்கறேன். பால் குடுக்க மட்டும் அவளை எழுப்பறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க, காலையில பத்தியச் சமையல் உங்க கையிலதானே இருக்கு.” முதல் இரண்டு இரவும் அவர் குழந்தை முனகும்போதெல்லாம் கதவருகே வந்து நின்றார். மூன்றாம் இரவு வரவில்லை. அவருக்கும் ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலி; உதவி தேவைப்பட்டவர் மனைவி மட்டுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேரத்தைச் சொல்லிக் கேட்டதுதான் இதில் முக்கியம். “ஏதாவது உதவி வேணுமா” என்று பொதுவாகக் கேட்டால் “ஒண்ணும் வேண்டாம்” என்பதைத் தவிர வேறு பதில் வராது.

பட்டறையிலிருந்தோ தறிக்கூடத்திலிருந்தோ வருபவர், குழந்தையைத் தொடுமுன் குளித்துச் சட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும். உலோகத்தூளும் பஞ்சுத்தூளும் துணியில் தங்கும். பீடி, சிகரெட் புகைப்பவருக்கும் இதுவே. வாசலில் நின்று புகைத்தாலும் புகை சட்டையோடு உள்ளே வருகிறது.

ஏப்பமும் துணியும்

தலை நிற்காத குழந்தையைத் தூக்கப் பயமாகத்தான் இருக்கும். ஒரு கை பிடரிக்கும் தலைக்கும் அடியில், மற்றொரு கை இடுப்புக்கும் தொடைக்கும் அடியில் போன பிறகே தூக்க வேண்டும். தூக்கியதும் நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் என் கை நடுங்கியதைப் பார்த்த மச்சான் சிரித்தான். நான்காம் நாள், மற்றொரு கையால் போர்வையை விரித்தபடியே குழந்தையைத் தோளில் வைத்திருந்தேன்.

பால் குடித்து முடித்ததும் தோளில் ஒரு பழைய வேட்டித் துண்டைப் போட்டு, குழந்தையின் முகவாய் தோளுக்கு மேலே வருமாறு நிமிர்த்திப் பிடித்து, உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து முதுகில் மெல்லத் தட்ட வேண்டும். அவசரமாகத் தட்டுவதைவிட, கீழிருந்து மேலாகத் தடவுவது பல குழந்தைகளுக்கு ஒத்துவருகிறது. பத்து, பதினைந்து நிமிடம் பார்க்கலாம். ஏப்பம் வராவிட்டால் கவலை வேண்டாம். தோளில் கொஞ்சம் பால் கக்குவது இயல்பு. பீய்ச்சியடித்தாற்போல் ஒவ்வொரு முறையும் வாந்தியெடுத்தாலோ, வாந்தி பச்சை நிறத்தில் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

துணி மாற்றுவது அருவருப்பான வேலை என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்க்காதவர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் நாற்றம் குறைவு. முதல் இரண்டு மூன்று நாள் தார்போலக் கறுப்பாக, ஒட்டும்படி இருக்கும்; பிறகு பச்சையாகி, ஐந்தாம் நாள் வாக்கில் கடுகுபோல் மஞ்சளாகும். குழந்தைக்குப் பால் போதுகிறதா என்ற கேள்விக்கு வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நம்பத்தக்க பதிலை ஈரத்துணிதான் தரும்: ஆறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது. நான் ஒரு பழைய கணக்குநோட்டில் பால், சிறுநீர், மலம் என மூன்று பத்தி போட்டுக் குறித்தேன். மாமனார் அதைத் தறிக்கணக்கு என்று கேலி செய்தார். பிறகு அவரே, “மத்தியானம் ரெண்டு தடவை போச்சு, எழுதிக்கங்க” என்று சொல்லத் தொடங்கினார். டயப்பர் போட்டால் இந்தக் கணக்கு தெரியாமல் போகிறது. முதல் இரண்டு வாரம் பகலில் பருத்தித் துணியே நல்லது என்பது என் கட்சி. இரவில் டயப்பர் போடுவதில் தவறில்லை.

பிறந்த எடையில் பத்து விழுக்காடு வரை முதல் வாரத்தில் குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அது திரும்ப வந்துவிட வேண்டும். வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று பால்பவுடர் டப்பா வாங்கிவிட வேண்டாம்.

பாலுக்குக் காவல்

புதிதாய்ப் பிறந்த குழந்தை நாளொன்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதில் தகப்பனுக்கு நேரடி வேலை இல்லை என்றாலும் சுற்றி நிறைய இருக்கிறது. மனைவி உட்கார்ந்ததும் முதுகுக்குத் தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு வெந்நீர், அறைக்கதவைச் சாத்துவது, பார்க்க வந்தவர்களிடம் “அரை மணி நேரம் ஆகும், காப்பி சாப்பிடுங்க” என்று கூடத்திலேயே உட்கார வைப்பது. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் அதிகம். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் சோர்வும்தான் மிஞ்சும். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தாராளமாகச் செய்யட்டும், சொம்பை நிரப்பும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம். பிறந்ததும் சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாக்கில் தடவும் பழக்கம் இதற்கு எதிரானது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். எங்கள் தெருவுக்கு ஒன்பதாம் நாள் கழுதையோடு ஒருவர் வந்தார். “கழுதப்பாலு, கழுதப்பாலு” என்ற குரல் கேட்டதும் மாமியாரின் அக்கா சங்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய், “பெரியம்மா, டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டாங்க, குடுத்துட்டு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் திட்டுவாங்க” என்றேன். அவர் முணுமுணுத்தபடி சங்கை உள்ளே வைத்தார். இம்மாதிரிச் சமயங்களில் பெரியவர்களின் அறிவோடு மோதாமல் மருத்துவர் மேல் பழியைப் போட்டுவிடுவது உத்தமம். அது பொய்யும் இல்லை. இந்த மறுப்பை மருமகன் சொன்னால் எடுபடுகிறது, மகள் சொன்னால் எடுபடுவதில்லை என்பதையும் கவனித்தேன். மாப்பிள்ளை மரியாதை ஒரு வழியில் பயன்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் கைப்பக்குவம் பாட்டிகளுக்கே உரியது. எங்கள் வீட்டு அம்மாயி குளிப்பாட்டி முடித்ததும் குழந்தை இரண்டரை மணி நேரம் அசையாமல் தூங்கும். அதில் தலையிட வேண்டாம். துண்டை விரித்துப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும், மூக்கில் ஊதுவதையும், கண்ணுக்குள் மை இடுவதையும் மட்டும் நயமாகத் தடுக்க வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக முடியலாம். தொப்புள்கொடியில் எதையும் தடவாமல் உலர்வாக வைத்தால் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் தானே விழுந்துவிடும். சாம்பிராணிப் புகையைக் குழந்தை இல்லாத அறையில் போட்டுக்கொள்ளலாம்.

மஞ்சள் நிறம், காய்ச்சல், இன்னும் சில

பாதிக்கும் மேற்பட்ட பச்சைக்குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் தோல் லேசாக மஞ்சளாகும். பெரும்பாலும் அது தானே மறையும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் கால்வரை இறங்கி உள்ளங்கை, உள்ளங்காலுக்கு வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு தூங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். என் மகளுக்கு நான்காம் நாள் நிறம் மாறியதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. தறி வீட்டின் உள்ளறையில் எப்போதும் மங்கலான விளக்குதான். துணி மாற்ற முற்றத்துக்குத் தூக்கி வந்தபோது, பகல் வெளிச்சத்தில் அவள் காலைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. விரலால் நெஞ்சில் லேசாக அழுத்தி எடுத்தபோது அந்த இடமும் மஞ்சளாகத் தெரிந்தது. “வெயில்ல காட்டுனாச் சரியாயிடும்” என்றார்கள். காலை வெயில் இதற்குச் சிகிச்சை ஆகாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்; இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்து அனுப்பினார்கள். தினம் ஒருமுறை குழந்தையைச் சன்னலருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அன்றிலிருந்து என் வேலையானது.

உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், உடல் சில்லிட்டுப் போனால், மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் ஓடினால், மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், வலிப்பு வந்தால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தால், பாலே குடிக்காமல் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

மனைவிக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு, அதைப் பலர் மனத்தில் வைப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனையும் அளவுக்கு உதிரப்போக்கு, காய்ச்சல், கண் மங்கலோடு கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், தையல் போட்ட இடத்தில் சீழ். “பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கும்தான்” என்று சொல்பவர் பேச்சை இவற்றில் கேட்காதீர்கள்.

இரவும் அழுகையும்

குழந்தை நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கும். ஆனால் தொடர்ந்தாற்போல் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். எங்கள் மகள் பக்கத்து அறையில் தறி ‘தடக் தடக்’ என்று ஓடும்போது நிம்மதியாகத் தூங்குவாள். மின்சாரம் நின்று தறி ஓய்ந்ததும் ஒரு நிமிடத்தில் விழித்து அழுவாள். அம்மாபேட்டைக் குழந்தைகளைப் பற்றி இந்த வேடிக்கையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயின் இரத்த ஓட்டத்தின் இரைச்சலைக் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒரே சீரான ஓசை ஆறுதலாக இருப்பதில் வியப்பில்லை. எந்நேரமும் வீட்டை நிசப்தமாக வைக்க முயன்று உறவினரையெல்லாம் அதட்ட வேண்டியதில்லை.

மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, கனத்த கம்பளி, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது. சேலையில் கட்டிய தொட்டிலில் போட்டால், தாடை நெஞ்சில் படிந்து மூச்சு அடைபடாமல் இருக்கிறதா என்று ஒரு கண் வேண்டும். இரவு முழுவதற்கும் சமதளப் படுக்கைதான் சரி. கத்திரி வெயில் காலத்தில் பிறந்த குழந்தைக்குக் குல்லா, ஸ்வெட்டர், இரண்டு போர்வை என்று சுற்றினால் உடல் கொதிக்கும். நமக்கு வேண்டிய துணியைவிட ஒரு அடுக்கு கூடுதல் போதும். நேரே முகத்தில் வீசாத மின்விசிறியால் கெடுதல் இல்லை.

அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய் ஆறாம் வார வாக்கில் உச்சத்துக்கு வரும், பிறகு தணியும். பால், துணி, ஏப்பம், சூடு, குளிர் எல்லாம் பார்த்த பிறகும் அழுதால், சட்டையைக் கழற்றி வெற்று மார்பில் குழந்தையைப் படுக்க வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி மெல்ல நடந்து பாருங்கள். எடை குறைந்து பிறந்த குழந்தைகளை இப்படி மார்போடு அணைத்து வளர்க்கும் முறை 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. அதைத் தகப்பனும் செய்யலாம். அதுவும் பலிக்காமல் கோபம் தலைக்கேறினால், குழந்தையைப் படுக்கையில் பத்திரமாகக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். எந்த நிலையிலும் குழந்தையை உலுக்கக் கூடாது. ஒரு நொடி உலுக்கல் மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கிவிடும்.

மனம்

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து மனைவி காரணமில்லாமல் அழலாம், எரிந்து விழலாம். இது பெரும்பாலான தாய்மாருக்கு வந்து, இரண்டு வாரத்துக்குள் போய்விடும். “குழந்தை பிறந்த வீட்டில அழலாமா” என்று யாரும் அதட்டாமல் பார்த்துக்கொண்டாலே போதும். இரண்டு வாரம் கடந்தும் அது நீடித்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர்கள் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.

தகப்பன்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இக்காலத்தில் மனச்சோர்வு வருகிறது. நம்மிடம் அது அழுகையாக வெளிப்படுவது குறைவு. எரிச்சல், வேலையிலேயே கிடப்பது, குடி என்று வேறு உருவம் எடுக்கும். மகளை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு நெஞ்சு நிறையும் என்று எதிர்பார்த்தேன். நிஜத்தில் களைப்பும் பயமும்தான் இருந்தன, அதை வெளியில் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. பாசம் எனக்கு வந்தது பத்தாம் பன்னிரண்டாம் நாளில், நடுநிசியில் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் இளைஞர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, தகப்பனான ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனின் சுரப்பு இறங்குவதையும், குழந்தையைப் பராமரிப்பதில் அதிக நேரம் செலவிட்டவர்களிடம் அது இன்னும் குறைவாக இருந்ததையும் கண்டது. ஆணின் உடலும் இந்த வேலைக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வேலையில் இறங்கியவர்களிடம் அந்த மாற்றம் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

மலைக்குத் திரும்பிய பிறகு

விடுப்பு முடிந்து ஏற்காட்டுக்கு வந்த பின் நான் செய்த தவறு, நினைத்தபோதெல்லாம் வீடியோ அழைப்பில் கூப்பிட்டது. பால் கொடுக்கும்போதும், இப்போதுதான் கண்ணயர்ந்த நேரத்திலும் போன் அடித்தது. பிறகு காலை பத்து மணி, மாலை ஆறு மணி என்று வைத்துக்கொண்டோம். “குழந்தை எப்படி இருக்கா” என்பதை இரண்டாவது கேள்வியாக்கி, “ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குன” என்பதை முதல் கேள்வியாக்கியது மனைவிக்குப் பிடித்திருந்தது. கணக்குநோட்டைப் படம் எடுத்து மச்சான் தினமும் அனுப்பினான்.

சனிக்கிழமை மாலை கீழே இறங்கி, ஞாயிறு இரவெல்லாம் விழித்திருந்து, திங்கள் விடியலில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டி வேலைக்குப் போவது எவ்வளவு முட்டாள்தனம் என்பது, ஒரு வளைவில் பனிமூட்டத்துக்குள் கண் சொக்கியபோது புரிந்தது. அதன் பிறகு திங்கட்கிழமைகளில் பேருந்துதான்.

காகித வேலை முழுவதையும் தகப்பன் எடுத்துக்கொள்வது நியாயம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனைப் பிரசவமாக இருந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். கர்ப்பகாலத்தில் கிராம அல்லது நகர சுகாதாரச் செவிலியர் பதிந்து தந்த பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) கையில் இருக்கட்டும். பெற்றோர் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே, ஒவ்வோர் எழுத்தும் பொருந்துமாறு படிவத்தில் இருக்கின்றனவா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள். பின்னால் திருத்துவது பெரும் அலைச்சல். பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரம் வேண்டாம், 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிறந்த உடனே பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஆகியவை போட்டாயிற்றா என்று அட்டையில் பார்த்துவிட்டு, ஆறாம் வாரத் தடுப்பூசி நாளைக் காலண்டரில் குறித்து, அன்றைக்கு இப்போதே விடுப்புச் சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பின் காய்ச்சலும் அழுகையும் வரும் இரவு அது.

மூன்றாம் மாதம் குழந்தையை மலைக்கு அழைத்துவரும்போது, வளைவுகளில் ஏறும் நேரம் பால் குடிக்கும் நேரமாக அமையுமாறு வண்டியைப் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். விழுங்கும்போது காதடைப்பு விடும். எங்களுக்கு அது பங்குனி. கீழே வெயில் கொளுத்த, மேலே போர்வை தேவைப்பட்டது. முதல் இரண்டு இரவும் மகள் தூங்கவே இல்லை. தோட்டத்து வீட்டில் அத்தனை அமைதி. மூன்றாம் நாள் மாமனாரைக் கூப்பிட்டு, தறி ஓடும் சத்தத்தை அரை மணி நேரம் போனில் பதிந்து அனுப்பச் சொன்னேன். ஓசையைத் தாழ்வாக வைத்து, போனைக் குழந்தையின் தலைமாட்டில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வைக்க வேண்டும். அவள் தூங்கியதும் நிறுத்திவிடுவேன்.